கோட்டைக் கொடியும் தெருக் கொடியும்

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் பறந்த கொடிகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவதைப் படித்தவர் மறந்திரார். தெய்வம் உறையும் வாயிலில் ஒரு கொடி. வாதுக்கு அழைக்கும் நல்லாசிரியர் நாட்டிய கொடி ஒன்று. துறையில் அசையும் நாவாய்களின் பாய்மரத்து உச்சியில் கொடிகள். இவற்றோடு கள் விற்கும் கடைக்கும் ஒரு கொடி. வில்லும் புலியும் கயலும் பொறித்த மூவேந்தர் கொடிகளையே நாம் மேடைகளில் ஓயாது பேசி வருகிறோம். ஆயின் அக்காலப் புலவர் அரண்மனைக் கொடியை மட்டும் கண்டவரல்லர். மதுரை மதில்மேல் அசைந்த நெடுங்கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாமென்று கைகாட்டி மறிப்பன போன்றிருந்தன என்று இளங்கோவடிகள் பாடினார். கோட்டையில் பறக்கும் கொடிக்கும், பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்த ஒரு குடும்பத்துக்கும் இடையே பேச்சு ஒன்று நிகழ்வதாக அவர் கண்டாரே, அதனைப் புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டின் மூவண்ணக் கொடிக்கும் இவ்விரு வாழ்வும் உண்டு. அது தெருவில் பிறந்தது; அடிபட்டு, குண்டுபட்டுக் கோட்டைக்கு ஏறியது; ஏறிய பின்னர் நெடுங்காலம் தெருவுக்குத் திரும்பவில்லை. திரும்பி வந்த வழியும் எளிதன்று. இக்கட்டுரை அந்தப் போக்குவரவைப் பற்றியதேயன்றி, வண்ணங்களுக்குப் பொருள் கூறும் பள்ளிப் பாடமன்று.

வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டிருந்த 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தாவின் பார்சி பகான் சதுக்கத்தில் ஏற்றப்பட்ட கொடியையே முதற்கொடி என்று வழக்கமாகக் கூறுவர். பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று பட்டைகள். மேலே எட்டுத் தாமரைகள். நடுவே 'வந்தே மாதரம்' என்னும் எழுத்து. கீழே ஞாயிறும் பிறையும். அதே காலத்தில் சகோதரி நிவேதிதை வேறொரு கொடியை வகுத்தார். சிவந்த துணியில் இந்திரனுடைய வச்சிரப்படை அதன் சின்னம். விருத்திராசுரனை வெல்வதற்காகத் ததீசி முனிவர் தம் முதுகெலும்பையே தந்து செய்வித்த படை அது என்பது புராணம். தன்னை முற்றும் ஈவோரே படையாவர் என்பது நிவேதிதையின் கருத்து. அக்கொடி மக்களிடையே பரவவில்லை.

பரவவில்லை என்றாலும் அது தமிழில் தங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. பாரதியாரின் 'தாயின் மணிக்கொடி' என்னும் பாட்டை நம் பிள்ளைகள் மூவண்ணக் கொடியின் கீழ் நின்று பாடுகிறார்கள், நாமும் பாடினோம். ஆனால் அப்பாட்டில் வரும் கொடி மூவண்ணக் கொடி அன்று. ஒருபுறம் இந்திரனின் வச்சிரமும் மறுபுறம் முகமதியரின் இளம்பிறையும் நடுவே வந்தே மாதரமும் கொண்ட செந்நிறப் பட்டுக்கொடியைத்தான் கவிஞர் புகழ்கிறார். கல்கத்தாக் கொடியின் பிறையும் நிவேதிதையின் வச்சிரமும் ஒரே துணியில் கூடியிருப்பதைக் காண்க. நிவேதிதையை நேரில் கண்டு, அவரைக் குருவாகவே ஏற்று, 1908-இல் வெளிவந்த 'ஸ்வதேச கீதங்க'ளை அவருக்குக் காணிக்கையாக்கியவர் பாரதியார். ஆதலின் இந்த இணைப்பு தற்செயல் அன்று என்பது என் ஊகம். பிற்காலத்தில் ஏற்ற எந்தக் கொடியும் அந்தப் பாட்டின் வருணனைக்குப் பொருந்தாது. இருந்தும் பொருந்தாமை யாருக்கும் உறுத்தியதில்லை. அக்கொடியின் கீழ் அணிவகுப்போரைக் கவிஞர் வரிசைப்படுத்தும்போது தமிழர் முதல் வங்கத்தார் வரை நாட்டின் பல இனத்தாரையும் நிறுத்துகிறார். பாட்டு நிலைத்ததற்கு அந்த வரிசையே காரணம் போலும். 1933-இல் தோன்றித் தமிழ்ச் சிறுகதைக்குப் புதுவழி கண்ட இதழும் 'மணிக்கொடி' என்றே பெயர் பூண்டதை இலக்கிய அன்பர் அறிவர்.

1907 ஆகஸ்டில் செருமனியின் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய உலகச் சோசலிஸ்டு மாநாட்டில் மேடம் காமா அம்மையார் விரித்த கொடியும் கல்கத்தாக் கொடிக்கு உறவுடையதே. அயல்நாட்டு அவையில் இந்தியக் கொடி விரிந்தது அப்போதுதான். இன்று அது புனே நகரில் காக்கப்படுகிறது. பத்தாண்டு கழித்து அன்னிபெசண்டு அம்மையாரும் திலகரும் தன்னாட்சி இயக்கத்துக்கென ஒரு கொடி கண்டனர். ஐந்து சிவப்புப் பட்டை, நான்கு பச்சைப் பட்டை, ஏழு விண்மீன், பிறை. மேல்மூலையில் ஆங்கிலேயர் கொடியும் உண்டு. ஆள்வோரின் கொடியை மூலையில் தாங்கியும் அது தப்பவில்லை. கோயமுத்தூரில் ஒரு மாஜிஸ்திரேட்டு அதற்குத் தடை விதித்தார். 1917-இல் உதகையில் காவலில் வைக்கப்பட்ட பெசண்டு அம்மையாரோ, தாம் இருந்த வீட்டின் தோட்டத்திலேயே சிவப்பும் பச்சையுமான கொடியைப் பறக்கவிட்டார். காவலில் இருப்பவர் கொடியேற்றினால் அரசு என்ன செய்யும்? மேலும் ஒருமுறை சிறைப்படுத்தவா இயலும்?

மசூலிப்பட்டணத்தை அடுத்த பட்லபெனுமர்ரு என்னும் சிற்றூரில் 1876-இல் பிறந்த பிங்கலி வெங்கய்யா, 1916-இலேயே நாட்டுக்கொரு கொடி வேண்டும் என்று கூறி முப்பது மாதிரிகளுடன் ஒரு நூல் வெளியிட்டவர். 1921-இல் பெஜவாடாவில் காங்கிரசுப் பேரவைக் குழு கூடியபோது சிவப்பும் பச்சையுமான கொடி ஒன்றைக் காந்தியடிகளிடம் அளித்தார். இராட்டையைக் கொடியில் பொறிக்க வேண்டும் என்ற எண்ணத்தை முன்னரே கூறியவர் சலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ். சிவப்பு இந்துக்களுக்கும் பச்சை முகமதியருக்கும் என்றால் ஏனைய சமயத்தார் எங்கே என்று கேட்ட அடிகள் வெண்மையையும் சேர்க்கச் செய்தார். அந்த வெண்பட்டையை அவர் நடுவில் வைக்கவில்லை. எண்ணிக்கையில் சிறியோரே முதலில் நிற்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அடுத்துப் பச்சை, அடியில் சிவப்பு, மூன்றன்மீதும் படர்ந்த இராட்டை. துணியோ கதர்த் துணி. கொடியின் பொருள் அதன் வண்ணத்தில் மட்டுமன்று, அதனை நூற்ற கையிலும் உண்டு என்பதே அவர் கொள்கை. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் இறுதியில் இதற்கு வேலை இருக்கிறது.

கொடியை ஏந்துவதே குற்றம் என்ற நிலை 1923-இல் தெளிவாயிற்று. சபல்பூரில் நகராட்சிக் கட்டடத்தின் மேல் கொடியேற்றியதில் தொடங்கிய பூசல் நாகபுரிக்குப் பரவியது. வெள்ளையர் குடியிருந்த சிவில் லைன்சுப் பகுதிக்குள் கொடியுடன் செல்லக்கூடாது என்று தடை. மே முதல் நாள் தொடங்கி, நாள்தோறும் ஒரு சிறு குழு கொடியுடன் புறப்படும், எல்லையில் தடுக்கப்படும், சிறைக்குச் செல்லும். மறுநாள் வேறொரு குழு. சம்னாலால் பஜாஜ் சிறைப்பட்டபின் வல்லபாய் பட்டேல் தலைமை ஏற்றார். ஆகஸ்டு 18-இல் ஊர்வலம் அப்பகுதி வழியே செல்ல விடப்பட்டதுவரை, பல மாகாணங்களிலிருந்து வந்த 1,500-க்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். ஒரு தெருவில் ஒரு துணியுடன் நடப்பதற்காக இத்தனை பேர். இந்திக் கவிஞர் சுபத்ரா குமாரி சவுகானும் இப்போரில் ஈடுபட்டவர். மறு ஆண்டு கான்பூரைச் சேர்ந்த சியாம்லால் குப்தா கொடிக்கென்றே ஒரு பாட்டு எழுதினார். விடியற்கால ஊர்வலங்களில் வட நாடெங்கும் அது பாடப்பட்டது. வட இந்தியாவில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது பள்ளிப்பாட்டாகவே தெரியும்.

1931-இல் வண்ணங்கள் மாறின. சிவப்பு, பச்சை, வெண்மை என்பன சமயங்களைக் குறிப்பதாகக் கொண்டதனால் சீக்கியர் தம் வண்ணமும் வேண்டும் என்றனர். ஆராய்ந்த எழுவர் குழு காவி ஒன்றே போதும் என்றது. பேரவைக் குழு அதனை ஏற்கவில்லை. முடிவில் காவி மேலே, வெண்மை நடுவே, பச்சை கீழே, நீல இராட்டை என்று அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாயில் வகுத்தனர். இவ்வண்ணங்கள் எச்சமயத்தையும் குறியா என்றும் எழுதி வைத்தனர். இன்றும் மேடைதோறும் பச்சைக்கு ஒரு சமயமும் காவிக்கு ஒரு சமயமும் கூறுவோர் அத்தீர்மானத்தை ஒருமுறை படிக்கலாம்.

இனிச் சொல்லப்போவது 1932 சனவரி மாதத்தைப் பற்றியது. தமிழர் வரலாற்றில் அது கொடியின் மாதம். காந்தியடிகள் அம்மாதம் 4-ஆம் நாள் சிறைப்பட்டார். 10-ஆம் நாள் திருப்பூரில் கொடியேந்திச் சென்ற சிறு ஊர்வலத்தைப் போலீசார் அடித்து நொறுக்கினர். சென்னிமலையில் நெசவாளர் குடியில் பிறந்த குமரன், மண்டை உடைந்து வீழ்ந்தபோதும் கொடியை விடவில்லை. மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அகவை 27. 'கொடி காத்த குமரன்' என்னும் பெயரை எந்த அரசும் வழங்கவில்லை. மக்கள் வாய்மொழியாகவே வந்த பட்டம் அது. நெசவாளர் மகன் ஒருவன் துணிக்காக மாண்டான் என்று பொருள் கொண்டாலும் தவறில்லை. நூலின் அருமை தெரிந்த கை அது.

அம்மாதம் 26-ஆம் நாள் விடியுமுன் நடந்தது வேறு வகை. பாஷ்யம் என்னும் இளைஞர் சென்னை செயிண்டு சார்ச் கோட்டையின் நெடிய கொடிமரத்தில் இருளில் தனியே ஏறி, ஆங்கிலேயர் கொடி பறந்த இடத்தில் மூவண்ணக் கொடியைக் கட்டிவிட்டு இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் முதற்கோட்டைகளில் ஒன்று அது. விடிந்ததும் கோட்டையின் உச்சியில் தெருவின் கொடி ஆடியது. ஆர்யா என்று பின்னர் வழங்கப்பட்ட இவரே பாரதியாரின் தலைப்பாகையும் கூர்நோக்கும் கொண்ட, நம் வீட்டுச் சுவர்களில் எல்லாம் தொங்கும் அந்த ஓவியத்தை வரைந்தவர். கொடிப்பாட்டு எழுதியவரின் முகத்தை நமக்குத் தந்தவர், கோட்டையில் கொடி ஏற்றியவர். இருந்தும் குமரனை அறிந்த அளவுக்கு ஆர்யாவை நம் பிள்ளைகள் அறியார். உயிர் தப்பியவர்களுக்கு வரலாறு சற்றுக் கஞ்சத்தனம் காட்டும் போலும்.

1942-இல் நிகழ்ந்தவை பல. ஆகஸ்டு 11-இல் பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்றச் சென்ற மாணவர் எழுவர் சுடப்பட்டனர். செப்டம்பரில் அசாமின் கோபூரில் 17 அகவைக் கனகலதாவும், வங்கத்தின் தம்லுக்கில் 70 கடந்த மாதங்கினி அம்மையாரும் கையில் கொடியோடு குண்டுக்கு இரையாயினர். பாட்னாவில் அவ்வெழுவருக்கும் எழுப்பிய வெண்கலச் சிலையில் கொடியும் வீழும் இளைஞரும் ஒரே அலைபோல் சாய்ந்திருப்பர். அதனை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்திரி. சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்த வங்கத்துச் சிற்பி. மெரினாக் கடற்கரை உழைப்பாளர் சிலையும் அவர் கைவண்ணமே. கடல் கடந்தும் கொடி சென்றது. மலேயாத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர் ஆயிரக்கணக்கில் நேதாசியின் படையில் சேர்ந்து மூவண்ணத்தின் கீழ் நின்றனர். தாய்நாட்டை ஒருமுறையேனும் காணாதவரும் அவர்களுள் உண்டு.

1947 சூன் மாதத்தில் இராசேந்திர பிரசாத்து தலைமையில் அமைந்த குழுவில் இராசாசி, அம்பேத்கர், ஆசாத்து, சரோசினி தேவியார் முதலியோர் இருந்தனர். காங்கிரசின் கொடி நாட்டின் கொடியாக வேண்டுமாயின் கட்சிச் சின்னம் தோன்றக்கூடாது. மற்றொரு சிக்கலையும் நேரு அரசியலமைப்பு அவையில் விளக்கினார். கொடி இருபுறமும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். இராட்டையிலோ ஒருபுறம் சக்கரம், மறுபுறம் கதிர். புரட்டிப் பார்த்தால் இடம் வலமாகிவிடும். ஆகவே சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டனர். அது சாரநாத்துத் தூணில் அசோகன் பொறித்த 24 ஆரச் சக்கரமாயிற்று. சூலை 22-இல் தீர்மானம் நிறைவேறிய அவையில், திருத்தணியில் பிறந்த இராதாகிருட்டிணர் வண்ணங்களுக்கு மெய்ப்பொருள் நோக்கில் விளக்கம் தந்தார். காவி துறவையும், வெண்மை ஒளியையும், பச்சை மண்ணோடு நமக்குள்ள உறவையும் குறிக்கும் என்றார். அசைவின்மையே சாவு, சக்கரம் அசைவைக் காட்டுகிறது என்றார்.

காந்தியடிகளுக்கு இம்மாற்றம் இனிக்கவில்லை. இராட்டை இல்லாத கொடிக்குத் தாம் வணக்கம் செலுத்தப் போவதில்லை என்று ஆகஸ்டு முதல் வாரத்தில் இலாகூரில் கூறினார். நம் பாடநூல்கள் இதனைக் கூறா. ஆனால் அடிகளின் வருத்தம் வெறும் பிடிவாதம் அன்று. இராட்டை ஒரு வேலைக்காரியின் கருவி. அசோகச் சக்கரம் ஒரு பேரரசனின் சின்னம். தெருவிலிருந்து கோட்டைக்குப் போன கொடி, போகும்போது எதைக் கீழே வைத்துவிட்டுப் போயிற்று என்பதை அவர் ஒருவர் கண்டார். சக்கரத்தையும் இராட்டையின் ஒரு கூறாகவே கொள்ளலாம் என்று நேரு அமைதி கூறினார். இருவர் பக்கமும் நியாயம் உண்டெனினும், என் மனம் அடிகளின் பக்கமே சாய்கிறது.

ஆகஸ்டு 15 விடியலில் செயிண்டு சார்ச் கோட்டையில், ஆர்யா திருட்டுத்தனமாக ஏறிய அதே இடத்தில், முறைப்படி கொடி ஏறியது. 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள அப்பட்டுக்கொடி இன்றும் அக்கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. விடுமுறைக்குச் சென்னை செல்லும் அன்பர்கள் பிள்ளைகளை மெரினாவுக்கு அழைத்துச் செல்லும் வழியில் அங்கும் ஒரு நாழிகை நிற்கலாம்.

விடுதலைக்குப்பின் கொடி அரசின் பொறுப்பில் வந்தது. அதனை அரசு எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டது என்பதற்கு ஒரு சான்று போதும். இந்தியத் தர நிறுவனம் 1951-இல் வெளியிட்ட தரவரையறைகளுள் முதலாம் எண் பெற்றது கொடியே. திருகாணிக்கும் சிமெண்டுக்கும் முன்னர்க் கொடிக்குத் தரம் வகுத்தனர். நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு. நூலும் சாயமும் தையலும் எல்லாம் அளவுப்படி. 1950-இலும் 1971-இலும் கொடியின் மதிப்பைக் காக்கச் சட்டங்களும் வந்தன. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் குடிமகன் ஒருவன் தன் வீட்டில் கொடியேற்றலாமா என்ற கேள்விக்கு விடை, குடியரசு நாள், விடுதலை நாள் போன்ற சில நாட்களில் மட்டும் ஏற்றலாம் என்பதே. மாநிலங்களிலும் 1973 வரை விடுதலை நாளன்று ஆளுநரே கொடியேற்றினார். தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி கேட்டுப் பெற்றதன் பயனாகவே 1974 முதல் எல்லா மாநில முதலமைச்சரும் அன்று கொடியேற்றுகின்றனர்.

இவ்விடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தந்தையார் 1950-களில் அரசுப் பணியின் பொருட்டுத் தில்லி வந்தவர். வரும்போது தகரப் பெட்டியில் அவர் கொண்டுவந்த பொருள்களுள், திருச்சிராப்பள்ளிக் கதர்க்கடையில் வாங்கிய கொடி ஒன்றும் இருந்தது. ஆண்டுக்கு இருமுறை அது பெட்டியை விட்டு வெளிவரும். 1971 டிசம்பர் 16-இல் டாக்காவில் போர் முடிந்த செய்தி வானொலியில் வந்ததும், அக்கொடியை எடுத்து எங்கள் குடியிருப்பின் பலகணியில் கட்டினார். மறுநாள் காலையில் பணியாளர் ஒருவர் வந்து, இது கொடியேற்றும் நாள் அன்று, விதிப்படி இறக்க வேண்டும் என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. விதியைச் சொன்னார், அவ்வளவே. தந்தையார் ஒரு சொல்லும் பேசாமல் இறக்கி மடித்தார். குமரன் கதையை எங்களுக்கு ஆண்டுதோறும் சொல்பவர், அவ்வாண்டு சொல்லவில்லை.

அரசு கொடியைப் பூட்டி வைத்திருந்த அந்த ஆண்டுகளில், மக்கள் வேறு வழிகளில் அதனைத் தமதாக்கிக்கொண்டே இருந்தனர். சிவகாசியில் அச்சான நாட்காட்டிகளில் பாரத மாதா கொடியேந்தி நின்றாள். மளிகைக் கடையின் பெயர் அவள் காலடியில் இருக்கும். 1947 சனவரியில், விடுதலைக்கு ஏழு மாதம் முன்னரே, ஏ.வி.எம். வெளியிட்ட 'நாம் இருவர்' படத்தில் பட்டம்மாளின் குரலில் பாரதியார் பாட்டு ஒலிக்கக் குமாரி கமலா ஆடினார். வராத விடுதலையை வந்ததாகவே கொட்டகையில் மக்கள் கொண்டாடினர். 1953 மே 29-இல் எவரெஸ்டு முடியில் தென்சிங்கின் பனிக்கோடரியில் பறந்த நான்கு கொடிகளில் நம்முடையதும் ஒன்று. சிதம்பரத்தில் விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் நடராசர் திருமுன் வைத்து வழிபட்ட கொடியைக் கீழைக் கோபுரத்தின் உச்சியில் ஏற்றுகின்றனர். கோயில் கொடியேற்றம் அறிந்த நம் மக்களுக்கு இது புதுமையாகவே தோன்றியிராது.

தில்லியில் கொடி வானத்துக்கே சென்றது. ஆகஸ்டு 15 இங்கே பட்டம் விடும் நாள். தமிழகத்திலிருந்து முதன்முறை வருவோர், பிரதமரின் செங்கோட்டைப் பேச்சைவிட இதனைக் கண்டே வியப்பர். லால் குவான் கடைகளில் மூவண்ணப் பட்டங்கள் அடுக்கடுக்காக விற்கும். மொட்டைமாடிதோறும் ஒருவர் பட்டத்தை ஒருவர் அறுக்கும் போர் நடக்கும். அறுபட்டு வீழும் மூவண்ணத்தைச் சட்டம் என்ன சொல்லும் என்று எவரும் கேட்பதில்லை. மாஞ்சா நூலில் சிக்கிய பறவைகள் சாந்தினி சவுக்கில் உள்ள சமணர் பறவை மருத்துவமனைக்கு அன்று கூடை கூடையாகச் செல்லும் என்பதையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

சட்டத்தின் பூட்டைத் திறந்தவர் நவீன் சிந்தால் என்னும் தொழிலதிபர். இராய்கரில் தம் தொழிற்சாலையில் நாள்தோறும் கொடி ஏற்றியதை அதிகாரிகள் தடுக்கவே வழக்குத் தொடுத்தார். 1995-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வென்றார். 2002 சனவரி 26 முதல் புதிய கொடி நெறிமுறை எந்நாளும் கொடியேற்றக் குடிமக்களுக்கு வழிவிட்டது. 2004 சனவரி 23-இல் உச்சநீதிமன்றம், மதிப்போடு கொடியேற்றுவது கருத்துரிமையின் பாற்பட்ட அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தது. விடுதலை பெற்று 57-ஆம் ஆண்டில்.

அதற்குள் திரைப்படமும் கிரிக்கெட்டும் முந்திக்கொண்டன. 1992 ஆகஸ்டு 15-இல் வெளிவந்த மணிரத்தினத்தின் 'ரோசா' படத்தில், எரியும் கொடியின்மேல் கதைத்தலைவன் தன் உடலைச் சாய்த்து நெருப்பை அணைக்கும் காட்சியை மறந்தவர் இலர். குமரனின் நிழல் அதில் உண்டு என்பேன். இந்தியில் அப்படம் வந்தபோது எங்கள் தெருவில் பஞ்சாபிக் குடும்பங்கள் எங்களிடம் வந்து அதைப் பற்றிப் பேசின. 'மதராசி' என்ற ஒரே சொல்லால் எங்களை அதுவரை அறிந்திருந்தவர் அவர்கள். கிரிக்கெட்டு ஆட்டங்களில் கன்னத்தில் மூவண்ணம் தீட்டிய இளைஞர் கூட்டமும், சச்சின் தெண்டுல்கரின் தலைக்கவசத்துக் கொடியும் நாடறிந்தவை. 2005-இல் சட்டமும் சற்று வளைந்தது. இடைக்குமேல் அணியும் உடையில் கொடியைக் கொள்ளலாம், கைக்குட்டையிலும் மெத்தையிலும் கூடாது என்று திருத்தினர். 2008 நவம்பர் 14-இல் சந்திரயானிலிருந்து நிலவில் மோதிய கருவியின் பக்கங்களில் மூவண்ணம் தீட்டியிருந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் பொள்ளாச்சிப் பக்கத்து மயில்சாமி அண்ணாதுரை. திரையரங்கில் படத்துக்கு முன் திரையில் கொடி காட்டி நாட்டுப்பண் இசைக்க வேண்டும் என்று 2016-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2018 சனவரியில் அதனைக் கட்டாயமன்று என்றது. அன்புக்கு ஆணை எதற்கு என்று கேட்டவர் பலர். நானும் அவருள் ஒருவன். எழுந்து நிற்பவனாயினும் கேட்டேன்.

இனிக் கதருக்கு வருவோம். 1957-இல் நிறுவிய கருநாடகக் கதர்க் கிராமத்தொழில் கூட்டமைப்பு ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில் இருக்கிறது. தரச்சான்று பெற்ற கதர்க் கொடிகள் அங்கே உருவாகின்றன. பாகல்கோட்டைப் பக்கத்து நெசவாளர் துணி நெய்ய, பெரும்பாலும் பெண்களே நூற்றுத் தைக்கின்றனர். ஆறங்குல மேசைக்கொடி முதல் 21 அடிக் கொடிவரை ஒன்பது அளவுகள். ஆரம் ஒன்று பிசகினாலும் கொடி தள்ளுபடி. 2021 டிசம்பர் 30-இல் நெறிமுறை திருத்தப்பட்டுப் பொறியில் நெய்த பாலியஸ்டர்த் துணியும் கொடிக்கு ஆகும் என்றாயிற்று. அடுத்த ஆண்டு, விடுதலையின் 75-ஆம் ஆண்டு நிறைவில், வீடுதோறும் மூவண்ணம் என்ற அழைப்பு எழுந்தபோது, கோடிக்கணக்கான வீடுகளுக்கு அவ்வளவு கதரை நூற்றுத் தர இயலுமா என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. பெங்கேரித் தொழிலாளர் தம் பிழைப்புப் போயிற்றென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அதுவும் நியாயமே. கொடி எல்லோர் வீட்டுக்கும் வந்தது. அதனை நூற்ற கை மட்டும் அதில் இல்லை. இராட்டை 1947-இல் கொடியின் நடுவிலிருந்து போயிற்று. துணியிலிருந்து போனது இப்போதுதான்.

என் தந்தையார் 1998-இல் மறைந்தார். 2002 சனவரி 26-க்கு மறுநாள், சட்டத்தில் எந்நாளுக்கும் இடம் கிடைத்த பின்னர், அவர் பெட்டியிலிருந்த கதர்க்கொடியை எடுத்து அன்றே பலகணியில் ஏற்றினேன். சிறப்பு ஏதுமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. எவரும் வரவில்லை, எவரும் கேட்கவுமில்லை. அதன்பின் பல ஆண்டுகள் அது பறந்தது. இப்போது பச்சைப் பட்டையின் ஓரம் நைந்து கிழிந்துவிட்டது. கிழிந்த கொடியை ஏற்றலாகாது. தனிமையில், மதிப்போடு, எரித்துவிடுவதே ஏற்றது என்கிறது நெறிமுறை. சென்ற ஆகஸ்டில் என் பேரன் கடையிலிருந்து பாலியஸ்டர்க் கொடி ஒன்று வாங்கி வந்தான். பளபளவென்று இருந்தது, காற்றுக்கு நன்றாகவும் பறந்தது. பழையதை என்ன செய்யப் போகிறீர்கள் தாத்தா என்று கேட்டான். நான்காக மடித்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தீப்பெட்டியை இன்னும் எடுக்கவில்லை.